பத்து மாட்டுப் பட்டிக்கு என்ன காளை? காங்கேயம் பூச்சிக்காளை: ஒரு மதிப்புரை

ஐந்துக்கு நாலு. காங்கேயம் பூச்சிக்காளைக்கு, அதாவது பசுக்களைச் சினைப்படுத்த வைத்திருக்கும் காளைக்கு, நான் போடும் மார்க் இது. பிடித்துக்கொண்ட அந்த ஒரு மார்க் எதற்கு என்பது கீழே வருகிறது.

ஆனால் இந்த நாலு மார்க் எல்லோருக்கும் பொருந்தாது. வாய்க்கால் பாசனம், தோட்டத்தில் ஒரு ஏக்கர் தீவனப்புல், காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற வீடு என்றால் உங்களுக்கு வேறு காளை வேண்டும், சரியாகச் சொன்னால் காளையே வேண்டாம், சினை ஊசி போதும். இது மானாவாரிக் கொரங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், எட்டோ பத்தோ மாடு மேய்த்து, வீட்டுக்குக் கொஞ்சம் கறந்துகொண்டு மீதிப் பாலைக் கன்றுக்கே விட்டு, அந்தக் கன்றை விற்ற காசில் வருஷத்தை ஓட்டுகிறவர்களுக்கான மதிப்புரை. வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், காங்கேயம் பக்கம் அப்படிப்பட்ட வீடுகள் இன்னும் இருக்கின்றன. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம், வருஷ மழை 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான், அதிலும் பாதிக்குமேல் ஐப்பசி கார்த்திகையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். இந்த மாதிரி நிலம் இல்லாதவர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எந்த இனக் காளை வாங்கலாம் என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஊரில் நிலம் வைத்துக்கொண்டு கோயமுத்தூரிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கிற பையன்கள். போனில் ஒரு படத்தை அனுப்புவார்கள். மலை மாதிரி திமில், எண்ணெய் தடவிய கொம்பு, கழுத்தில் சலங்கை. "இதை வாங்கிடலாமாண்ணா?" என்று ஒரு வரி. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இதற்குப் பிறக்கிற ஆண்கன்றை யார் வாங்குவார்கள்?

காளை வாங்குவதில் எனக்குத் தெரிந்த பெரிய கேள்வி அதுதான். பத்து மாடு ஈன்றால் ஏறக்குறைய அஞ்சு காளைக்கன்று. கிடாரிக்கன்றைப் பற்றிக் கவலை இல்லை, நல்லதைப் பட்டியிலேயே வைத்துக்கொள்ளலாம், மீதியை யாராவது வளர்க்கக் கேட்பார்கள். ஆண்கன்றுதான் ரொக்கம். அதைக் கேட்டு வீட்டு வாசலுக்கு ஆள் வந்தால் பட்டி நிற்கும், வராவிட்டால் அதுவே தீனிச் செலவாகிக் கட்டுத்தரையில் நிற்கும். இனத்தின் பெருமை, பழமை, ஏ2 பால், கோமியம் எல்லாம் இதற்குப் பிறகு பேச வேண்டிய பேச்சு.

இந்தக் கேள்வியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் விஷயம் சீக்கிரம் தெளிந்துவிடும்.

ஜெர்சி ஊசி. கையில் கிடைப்பதிலேயே மலிவானது, சுலபமானது, மாட்டாஸ்பத்திரியில் எப்போதும் இருக்கும். பிறக்கிற கிடாரி நன்றாகக் கறக்கும், அதை மறுக்கவே முடியாது, தமிழ்நாட்டில் இவ்வளவு பால் வந்ததே அதனால்தான். ஆனால் காளைக்கன்று பிறந்தால்? திமில் கிடையாது, நுகத்தடி நிற்க இடமில்லை, வெயிலில் மேய்ச்சலுக்கு ஓட்டினால் பத்து மணிக்கே வாயைத் திறந்துகொண்டு மரத்தடி தேடும். உழவுக்கும் இல்லை, வண்டிக்கும் இல்லை, பந்தயத்துக்கும் இல்லை. பிறந்த சில வாரத்திலேயே கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். பால்காரர்களின் இந்தச் சங்கடத்துக்காகத்தான் இப்போது பாலினம் பிரித்த விந்து குச்சி வந்திருக்கிறது, போட்டால் பத்துக்கு ஒன்பது கிடாரிதான். நமக்குத் தேவை நேர்மாறானது என்பதை யோசித்துப் பாருங்கள். காளைக்கன்று வேண்டும் என்று சாமி கும்பிடுகிற ஆட்கள் நாம்.

கிர், சாஹிவால் ஊசியும் இப்போது பரவலாகக் கிடைக்கிறது. நாட்டு மாடுதானே என்று ஆசைப்பட்டுப் போடுகிறார்கள். நல்ல இனங்கள்தான், பாலும் உண்டு. ஆனால் கிர் காளையின் அடிவயிற்றைப் பாருங்கள், குறியை மூடிய உறை தொங்கிக்கொண்டிருக்கும். வெள்வேலமும் கிளுவையும் இருக்கிற காட்டில் அது முள்ளில் கிழிபடும், புண்ணாகும், ஈ மொய்க்கும், அப்புறம் காளை ஏறவே யோசிக்கும். அதோடு அந்தக் கலப்புக் காளைக்கன்றை நம் சந்தைக்குக் கொண்டுபோனால் பார்க்கிறவன் முகத்தைச் சுளிப்பான். காது நீளம், நெற்றி புடைப்பு, காங்கேயமும் இல்லை, வேறெதுவும் இல்லை. பல்லைக்கூடப் பார்க்காமல் நகர்ந்துவிடுவான்.

அடுத்தது எடைக்காரர்கள். இறைச்சிக்கு எடை போட வேண்டும் என்றால் ஓங்கோல் காளையைக் காங்கேயம் பசுவோடு சேர்த்தால் என்ன என்று ஒரு நண்பர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதில் பாதி சரி. ஓங்கோலுக்கு எடை உண்டு என்பதற்கு உலகமே சாட்சி. ஆந்திராவிலிருந்து கப்பலேறிய அந்த இனம்தான் பிரேசிலில் நெலோர் என்ற பெயரில் பெருகி, அந்த நாட்டு மாட்டிறைச்சித் தொழிலையே தாங்கிக்கொண்டிருக்கிறது. 1960களின் தொடக்கத்தில்கூட இங்கிருந்து காளைகளைத் தேடி வாங்கிப் போனார்கள். ஆனால் அங்கே மாட்டைத் தராசில் ஏற்றி எடைக்குக் காசு கொடுக்கிறார்கள். இங்கே? எங்கள் பக்கத்து வயசான மாடுகள் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகும், செவ்வாயும் வியாழனும், அங்கிருந்து கேரளா. கண்ணால் பார்த்து, முதுகில் கை வைத்து அமுக்கி, உருப்படிக்கு இவ்வளவு என்று பேசுவதுதான் வழக்கம். தராசு இல்லாத சந்தையில் எடைக்காக இனத்தை மாற்றினால், கூடுதலாக வளர்ந்த கிலோவுக்கான லாபம் வியாபாரிக்குத்தான், தீனி போட்ட நமக்கு இல்லை. போதாக்குறைக்கு அந்தக் கன்று பெரிசாகப் பிறக்கும், நம் பசுவோ சின்ன உடம்பு, தலையீத்துக் கிடாரி என்றால் ராத்திரி நேரத்தில் டாக்டரைத் தேடி அலைய வேண்டிவரும்.

இறைச்சி பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், ஆனால் கிழமாட்டுக்கு ஒரு விலை இருக்கிற வரைக்கும்தான் ஏழை வீட்டில் மாடு இருக்கும். 2017 மே மாதம் சந்தையில் வெட்டுக்கு மாடு விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி போட்டது, ஒரே வாரத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை கொடுத்தது, அப்புறம் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுக்க நீட்டியது. அந்தச் சமயத்தில் மாடு வைத்திருந்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், கிழமாட்டு விலை விழுந்தால் கறவை மாட்டு விலையும் கூடவே எப்படி விழும் என்று சொல்வார்கள்.

சரி, மற்ற நாட்டு இனங்கள். பர்கூர் மாடு பார்க்க அவ்வளவு அழகு, செவலையில் வெள்ளைத் திட்டுத்திட்டாக, ஆனால் அது அந்தியூருக்கு மேலே மலையில் பட்டி போட்டு மேய்வதற்குப் பிறந்தது. கீழே கொண்டுவந்து கயிற்றில் கட்டினால் அதற்கும் நிம்மதி இல்லை, நமக்கும் இல்லை. உம்பளச்சேரி டெல்டா சேற்றுக்கானது. புலிகுளம் சிவகங்கை, மதுரைப் பக்கத்துக் கிடைமாடு, காளைக்கன்றுக்கு ஜல்லிக்கட்டுக்காரர்களிடம் நல்ல கிராக்கி, ஆனால் அந்தக் கிராக்கி அங்கேதான். ஆலம்பாடி நமக்குக் கொஞ்சம் ஒத்துவரும், வறட்சியும் தாங்கும், ஆனால் சுத்தமான காளையைத் தேடி தருமபுரி எல்லை வரை போக வேண்டும். இவற்றில் எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அந்தந்த ஊரில் இருந்தால் நானே அதைத்தான் வாங்குவேன்.

ஆக மிஞ்சுவது காங்கேயம். பக்கத்திலேயே இருந்ததை விட்டு ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்தாயா என்று கேட்கலாம். சுற்றிப் பார்த்தால்தான் ஏன் என்று தெரியும்.

காங்கேயத்துக்குப் பிறக்கும் காளைக்கன்றுக்கு மூன்று நாலு விதமான ஆள் வருகிறான். வண்டிக்கும் செக்குக்கும் உழவுக்கும் ஜோடி சேர்க்கிறவன் ஒருவன். ரேக்ளா பந்தயக்காரன் ஒருவன், இவன்தான் அள்ளிக் கொடுப்பவன். பூச்சிக்காளையாக வைத்துக்கொள்ள வாங்குகிறவன் ஒருவன். இப்போது புதிதாக வாசலில் ஒரு அழகுக்குக் கட்டி வைக்க வாங்குகிற மில் முதலாளிகள், டாக்டர்கள். இத்தனை பேர் போட்டி போடுவதால்தான் விலை நிற்கிறது. ஆனால் இதுவும் சட்டத்தின் தயவில் இருக்கிற விலை என்பதை மறக்கக் கூடாது. 2014 மே மாதம் ஜல்லிக்கட்டுக்கும் பந்தயங்களுக்கும் உச்ச நீதிமன்றம் தடை போட்ட பிறகு காளைக்கன்றைச் சீந்த ஆளில்லாமல் போனது, 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடிச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் சந்தைக்கு மறுபடி உயிர் வந்தது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது, அதனால் இப்போதைக்குப் பயமில்லை.

இனி காளையைத் தேர்ந்தெடுப்பது. சொல்ல நிறைய இருப்பது இங்கேதான்.

இடம் மூன்று. சித்திரையில் கண்ணபுரம் தேர்ச் சந்தை, ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை, அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் பழையகோட்டை மாட்டுத்தாவணி. அந்தியூர் பார்க்கப் போகலாம், குதிரையும் காளையும் திருவிழாவுமாக நன்றாக இருக்கும், ஆனால் அந்தக் கூட்டத்தில் நிதானமாக ஒரு காளையை நடக்கவிட்டுப் பார்ப்பது கஷ்டம். கண்ணபுரத்தில் காங்கேயமே அதிகம், ஒரே இடத்தில் இவ்வளவு உருப்படியை வேறெங்கும் பார்க்க முடியாது, கண் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. முதல் தடவை போகிறவர்கள் பணம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பார்த்துவிட்டு வாருங்கள், போதும். பழையகோட்டையில் காங்கேயம் மட்டும்தான் வரும். பட்டக்காரர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்த மந்தை இருந்த ஊர் என்பதால், விற்க வருகிறவர்களுக்கும் கொஞ்சம் வெட்கம் இருக்கும், எதையாவது கொண்டுவந்து நிறுத்திவிட முடியாது.

ஆனால் என் யோசனை, காளையைச் சந்தையில் வாங்கவே வாங்காதீர்கள். சந்தையில் ஆளைப் பிடியுங்கள், காளையை அவர் வீட்டில் போய் வாங்குங்கள். கண்ணபுரத்தில் ஒரு காளையைச் சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருந்தேன், பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, காளையைத்தான் எல்லாரும் பாக்கறாங்க. இவனோட ஆத்தாளைப் பாத்தீங்களா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வேலையைப் பார்க்க எழுந்து போய்விட்டார். தாயைப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே போனால் தாய் எத்தனை ஈத்து, ஈத்துக்கு ஈத்து எவ்வளவு நாள் இடைவெளி, மடி எப்படி, காம்பு நாலும் ஒழுங்காக இருக்கிறதா, கறக்கும்போது காலைத் தூக்குமா, கோடையில் உடம்பு எவ்வளவு இறங்கும் என்று எல்லாம் கண்ணாலேயே தெரிந்துவிடும். ஆறேழு ஈத்துப் போட்ட கிழத்தாய் இன்னும் மேய்ச்சலுக்குத் தானாக நடந்து போய்த் திரும்புகிறது என்றால், மகன் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் வாங்கலாம். காளை நம் பட்டிக்குக் கொடுக்கப்போவது தன் திமிலை அல்ல, தாயின் மடியையும் காலையும்.

நிறம் பற்றி ஒரு பெரிய மாயை இருக்கிறது. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலை, ஆறு மாசம் ஆகும்போது சாம்பல் மயிலைக்கு மாறும். காளை வளர வளரத் திமில், கழுத்து, முன்சப்பை, பின்சப்பை எல்லாம் கருக்கும். அது ஆண்மை ஏறுகிற அடையாளம், காயடித்துவிட்டால் அந்தக் கருப்பு வெளுத்து எருது மயிலையாகவே நிற்கும். அதனால் மூன்று வயசுக் காளை துளிக்கூடக் கருக்காமல் வெள்ளையாக நின்றால் யோசியுங்கள், சரி. ஆனால் காரிதான் வேண்டும் என்று நிறத்துக்காகவே கூடுதலாகக் கொட்டிக் கொடுப்பது வாங்குகிறவர் ஆசை, கன்றுக்கு அதனால் ஒன்றும் கூடாது. சுழியும் அப்படித்தான். எனக்குச் சுழியில் நம்பிக்கை இல்லை. ஆனால் நான் விற்கும் கன்றை வாங்குகிறவனுக்கு இருக்கிறது. ஆகவே ஆகாத சுழி என்று ஊரே சொல்கிற சுழி இருக்கும் காளையை நானும் வாங்குவதில்லை, நம்பிக்கை இல்லாவிட்டாலும் வியாபாரம் இருக்கிறதே.

நான் பார்ப்பது கீழே இருந்து மேலே. முதலில் குளம்பு, இரண்டு விரலும் சமமாக, இடைவெளி விரியாமல், கருப்பாக. அப்புறம் பின்னங்கால். பக்கவாட்டில் நின்று பார்த்தால் முட்டி ரொம்ப மடங்கியும் இருக்கக் கூடாது, குச்சி மாதிரி நேராகவும் இருக்கக் கூடாது. பசு மேல் ஏறும்போது முழு உடம்பும் அந்த ரெண்டு காலில்தான் நிற்கிறது. அடிவயிறு: காங்கேயத்தின் பெரிய பலமே உறை உடம்போடு ஒட்டி இருப்பதுதான், அது தொங்கினால் எங்கோ கலப்பு. விதைப்பை: பின்னால் போய் நின்று, ரெண்டும் ஒரே அளவா, கையில் பிடித்தால் கெட்டியாக, சூடில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலர் இதற்குக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள், திமிலைத் தடவிவிட்டு வந்துவிடுகிறார்கள். பை பெரிசாக இருக்கிற காளையின் மகள்கள் சீக்கிரம் பருவத்துக்கு வரும் என்பது வெறும் ஊர்ப் பேச்சில்லை, கால்நடை மருத்துவர்களும் சொல்வதுதான். காங்கேயத்துக்கு அது ரொம்ப முக்கியம், ஏன் என்பது கொஞ்சம் கீழே. கடைசியாக நடக்கவிடுங்கள். முன்கால் வைத்த தடத்தில் பின்கால் வந்து விழ வேண்டும். அதுவும் ஒரு பத்தடி இல்லை, சந்தையை விட்டு வெளியே, தார் ரோட்டில் ஒரு பர்லாங்கு.

வயசு ரெண்டு பல்லு, போனால் நாலு பல்லு (பால்பல் விழுந்து முளைத்த பல்லின் கணக்கு). முன்பின் தெரியாத இடத்தில் அதற்கு மேல் வேண்டாம். நன்றாக வேலை செய்த காளை என்று ஆறு பல்லு, கடை சேர்ந்தது எல்லாம் காட்டுவார்கள். அது எத்தனை ஊர்ப் பசு மேல் ஏறியிருக்கிறதோ. பசுக்கள் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருவதற்கும், ரெண்டு மூன்று மாசத்தில் சினை கலைவதற்கும் காரணமான கிருமிகள் வயசான காளையின் உறை மடிப்பில்தான் தங்கிக்கொள்கின்றன, காளைக்கு ஒரு குறியும் தெரியாது. வாங்குமுன் கன்று வீச்சு நோய்க்கும் (புருசெல்லோசிஸ்) ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். விற்கிறவர் கோபித்துக்கொண்டால் நல்லதாகப் போயிற்று, அடுத்த வீட்டுக்குப் போகலாம்.

விலை பேசுவதைப் பற்றி. துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துப் பேசுகிற பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. தெரியாதவர்கள் அதில் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஒரு தரகர் என் விரலைப் பிடித்து ஒரு விலையும், விற்கிறவர் விரலைப் பிடித்து வேறொரு விலையும் பேசி முடித்த கதை எங்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது. நடுவில் நின்ற தொகை அவருடையது, அது போகத் தனியாகத் தரகும் கேட்டார். வாயால் பேசுங்கள், நாலு பேர் காது கேட்க.

இப்போது அளவு. இதில்தான் இன்றைய சந்தையோடு எனக்குச் சண்டை. பரிசுக்கு நிறுத்தும் காளைகளைப் பார்த்துப் பார்த்து, பெரிய காளைதான் நல்ல காளை என்று ஆகிவிட்டது. பருத்திக்கொட்டையும் உளுத்தம்பொட்டும் முட்டையும் ஊட்டி ஊட்டி, ஐநூறு அறுநூறு கிலோவுக்கு ஏற்றி, நடக்கவே சோம்பல்படுகிற காளையை நிறுத்துகிறார்கள். காங்கேயம் பசு முந்நூறு முந்நூற்றைம்பது கிலோ. கிடாரி இன்னும் குறைவு. அந்தக் காளை ஏறினால் கிடாரி முழங்காலை மடித்து உட்கார்ந்துவிடும், இடுப்பு பிசகினாலும் பிசகும். தீனி ஊட்டி வளர்த்த காளையைக் கொரங்காட்டில் விட்டால் ரெண்டு மாசத்தில் எலும்பு எண்ணலாம், பார்க்கிறவன் நாம் பட்டினி போட்டோம் என்று நினைப்பான். பின்முதுகில் லேசாக விலா தெரிகிற, நெஞ்சு அகலமான, நடுத்தர உடம்புக் காளையை மேய்ச்சலிலிருந்து நேராகப் பிடித்து வாருங்கள். படத்தில் நன்றாக வராது, பட்டியில் நன்றாக இருக்கும்.

ஊசியே காங்கேயத்துக்கும் கிடைக்கிறதே, காளை எதற்கு? நியாயமான கேள்வி. கட்டுத்தரையில் ரெண்டு மாடு கட்டி வைத்து நாள்முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் ஊசி போதும். ஆனால் நாட்டு மாட்டுக்குப் பருவம் நீடிப்பது கொஞ்ச நேரம், பாதி நாள் இருந்தால் அதிகம், அதுவும் பெரும்பாலும் ராத்திரியில், கத்தாது, சளி சரியாகத் தொங்காது. காலையில் நாம் கண்டுபிடித்து, போன் போட்டு, ஊசி போடுகிறவர் வண்டியெடுத்து வருவதற்குள் நேரம் தாண்டிவிடும். ஒரு தடவை தவறினால் 21 நாள் போச்சு. பட்டியிலேயே நிற்கிற காளைக்குப் போனும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம், எந்த மாடு எப்போது என்று நமக்கு முந்தின நாளே அவனுக்குத் தெரியும். எங்கள் பக்கம் மூணு ஊசிக்கு ஒன்று நின்றாலே நல்ல கை என்பார்கள்.

இப்போது அந்த ஒரு மார்க். காங்கேயம் மெதுவான மாடு. கிடாரி முதல் கன்று போட மூன்றரை, நாலு வருஷம் ஆகும். மேய்ச்சல் மோசமான வருஷம் என்றால் அதற்கும் மேல். பால் நாளுக்கு ரெண்டு மூன்று லிட்டர், அதிலும் கன்றுக்கு விட்டது போக. இந்த நீளத்தைக் காத்திருக்க எல்லா வீட்டாலும் முடியாது, குழந்தை படிப்புக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் மாசாமாசம் காசு வேண்டிய வீட்டில் ஒன்றிரண்டு கலப்பின மாட்டைப் பாலுக்கென்று தனியாகக் கட்டுவதில் எந்தத் தப்பும் இல்லை, நாங்களும் அப்படித்தான். நாட்டு மாடு மட்டுமே வைத்தால்தான் உண்மையான விவசாயி என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் சம்பளக்காரர்கள். விதைப்பையையும் தாயின் ஈத்து இடைவெளியையும் பார்த்துக் காளை எடுத்தால் இந்த மெதுவைக் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் அது ஒரு தலைமுறைக் கன்று வளர்ந்த பிறகுதான் தெரியும்.

இன்னொரு விஷயம் சுபாவம். வீட்டு ஆளுக்கு வாலைப் பிடித்தாலும் நிற்கும், வெளியாளைக் கண்டால் மண்ணைக் கிளறும். பக்கத்துக் காட்டில் மாடு பருவத்துக்கு வந்தால் கிளுவை வேலி எல்லாம் ஒரு வேலியே இல்லை. மூக்கணாங்கயிறு இல்லாமல் பூச்சிக்காளை வைத்துக்கொள்ளவே கூடாது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போகிற தடத்தை ஒட்டிக் காடு இருந்தால் ரெண்டு முறை யோசியுங்கள். இதற்கு நான் மார்க் குறைக்கவில்லை, காளை என்றால் காளைதான்.

செலவுக் கணக்குதான் சின்னப் பட்டியைக் கடிக்கும். காளை நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ உலர்ந்த தீனி தின்னும், மாசியிலிருந்து ஆடி வரைக்கும் கொரங்காட்டில் புல் இருக்காது, சோளத்தட்டும் கடலைக்கொடியும் விலைக்கு வாங்கிப் போட வேண்டும். ஒரு காளை வருஷத்துக்கு நாற்பது ஐம்பது மாடு சினைப்படுத்தும், நம்மிடம் இருப்பதோ பத்து. அதாவது முக்கால்வாசி நாள் சும்மா நின்று தின்கிறது. அதனால் தனியாக வாங்காமல் பங்காளிகளோ பக்கத்துக் காட்டுக்காரர்களோ மூன்று நாலு வீடு சேர்ந்து ஒரு காளை வைப்பதுதான் கட்டுப்படியாகும். ஒரு வீட்டில் நாலு மாசம், அடுத்த வீட்டில் நாலு மாசம் என்று முறை வைத்தால் அந்தந்த வீட்டுக் கன்றுகளும் ஒரே பருவத்தில் விழும், கார்த்திகைப் புல்லுக்குத் தாய்க்குப் பால் ஊறும்படி மாசத்தைப் பார்த்துச் சேர்க்கலாம், சினை ஒன்பது மாசத்துக்குக் கொஞ்சம் மேல், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சேர்கிற எல்லா வீட்டு மாட்டுக்கும் ரத்தப் பரிசோதனை, கோமாரித் தடுப்பூசி கட்டாயம் என்று முதல் நாளே பேசிவிட வேண்டும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டால் அப்புறம் உறவும் போகும், மாடும் போகும். வெளி மாட்டைக் காசுக்குச் சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள், செலவில் கொஞ்சம் திரும்பும், ஆனால் நோய்க்குக் கதவைத் திறந்து வைப்பதும் அதுதான். நாங்கள் வெளி மாட்டை ஏற்பதில்லை. அதனால் ஊரில் கொஞ்சம் கெட்ட பெயரும் உண்டு.

மூன்று வருஷம் ஆனதும் காளையை மாற்றிவிடுங்கள். அதன் மகள்கள் அப்போது பருவத்துக்கு வர ஆரம்பிக்கும். அப்பனே மகள் மேல் ஏறினால் பிறக்கிற கன்றுக்கு ரத்த நெருக்கம் கால்வாசி, கன்று சிறுக்கும், நோய் தாங்காது, வளர்ச்சி நிற்கும். நல்ல காளையாயிற்றே என்று பாசம் வைத்து இழுத்துக்கொண்டே போகிற பட்டிகளில்தான் கன்று வருஷாவருஷம் சின்னதாகிக்கொண்டே வருவதைப் பார்க்கிறேன். விற்கவும் வேண்டியதில்லை. இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி இதே மாதிரி ஒரு கூட்டு இருந்தால் அவர்கள் காளையும் நம் காளையும் கை மாற்றிக்கொள்ளலாம், விலை வித்தியாசத்தை மட்டும் பேசிக்கொண்டால் போதும். எங்களுடையது இப்போது ஆறு பல்லில் நிற்கிறது, தாய் ஏழு ஈத்துப் போட்டு இன்னும் பட்டியிலேயே மேய்கிறது. கரூர்ப் பக்கத்தில் யாராவது இதே மாதிரி மாற்றுவதாக இருந்தால் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வாருங்கள்.